மணவறைக்குப் பின்னால் ஒரு சர்வாதிகாரி

ஸ்காபரோ பஸ்ஸில் முன்சீற்றுப் பெண் தன் தாயிடம் சொன்னதைக் கேட்டு, இறங்க எழும்பிய நான் திரும்பவும் குந்திவிட்டேன்.

“அம்மா, சர்வாதிகாரி கட்டின பில்டிங்குக்கு முன்னால நான் கழுத்தை நீட்ட மாட்டன்.”

“உது பழைய ரோம் ராசா கட்டினதடி. நான் நேர போய்ப் படம் எடுத்தனான்.”

“நோ அம்மா. செகண்ட் வேர்ல்ட் வார் காலத்தில, சனத்தை வெருட்டக் கட்டினது.”

தாயின் போனை எட்டிப் பார்த்தேன். சதுரமான வெள்ளைக் கட்டடம், மாடி மாடியாக வெறும் வளைவுகள். நானென்றால் புறாக்கூடு என்றிருப்பேன். இத்தாலியில் எனக்குத் தெரிந்தது பீட்சா மட்டும்தான்.

“மணவறைக்குப் பின்னால வைக்கவெண்டு டெக்கரேசன்காரர் உதை அப்பிடியே றெஜிபோம் அட்டையில வெட்டி முடிச்சிட்டார். சனிக்கிழமை கலியாணம். இனி என்ன செய்யிறது?”

“எனக்குத் தெரியாது. நான் உதுக்கு முன்னால இருக்க மாட்டன்.”

தாய் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

“வளைவெல்லாம் சும்மாதானே கிடக்கு? ஒவ்வொண்டுக்கையும் ஒரு பிள்ளையாரை இருத்துவம். பிறகு ஆர் உன்னை வெருட்டுறது?”

“அவ்வளவு பிள்ளையாருக்கு எங்க போறது?”

“எங்கட புது வீடு குடிபூரலுக்கு வந்த சனம் வேற என்ன தந்தது? பேஸ்மென்ற் முழுக்க அதுதானே. பெட்டிகூடப் பிரிக்கேல்லை.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஓகே அம்மா, டீல்!”

நான் சிரிக்கவில்லை. நானும் ஒரு குடிபூரலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். மடியில் கிஃப்ற் பேப்பர் சுற்றிய பிள்ளையார்.