அதே பேர்ல வேற எதுவோ

"இது நம்ம ஃபைல் இல்ல சார். அதே பேர்ல வேற எதுவோ."

நீடாமங்கலத்தில் எங்கள் ரயிலின் இஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் எதிரே லேப்டாப்போடு ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய மேனேஜர்.

"பேரும் சைசும் சரியாத்தானே இருக்கு, ஆரோக்கியமேரி? ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருக்காங்க. போனதும் ஐசியூ கம்ப்யூட்டர்ல ஏத்திடும்மா."

"இந்த சாஃப்ட்வேரை எழுதின கம்பெனி கொடுத்த ஹாஷ் வேற, இந்த ஃபைலுக்கு வர்ற ஹாஷ் வேற சார். அது ஃபைலோட கைரேகை மாதிரி. உள்ள ஒரு எழுத்தை யாராவது மாத்தியிருந்தாலும் காட்டிக்கொடுத்துடும்."

"அதையெல்லாம் யாரும்மா பாக்கிறா?"

"நான் பாக்கிறேன். துபாய்ல வேலைக்குப் போய் இறங்கினப்ப, இதே பேர்ல இன்னொருத்தியைத் தேடுறோம்னு என்னை அரைநாள் உட்கார வச்சாங்க. கைரேகை பாத்துத்தான் விட்டாங்க. பேரை மட்டும் நம்பியிருந்தா நான் ஜெயிலுக்குள்ள போயிருப்பேன்."

"மேலிடத்துல ஏத்தச் சொல்லியாச்சு. நீ மாட்டேன்னா வேற ஆளைப் போடுவாங்க."

அவள் லேப்டாப்பிலிருந்து பென் டிரைவை உருவி அவர் கையில் வைத்தாள்.

"தாராளமா போடட்டும். பேரு மட்டும் போதும்னா, எங்க தெருவுலயே இன்னும் மூணு ஆரோக்கியமேரி இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தியைக் கூப்பிட்டு ஏத்தச் சொல்லுங்க."