ஓடைக்கரை வேலி

“கூட்டத்துல நம்ம எல்லாரையும் கேட்டாவ. ஆனைய யாரு கேட்டா?”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், மேலகரம் வருவதற்குள் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த அக்கா சொன்னாள். பக்கத்திலிருந்த பச்சைச் சேலைக்காரி சிரித்தாள்.

“சிரிக்காதட்டி. ஓடைப் பொறம்போக்க என்ன செய்யலாம்னு பேரூராட்சியில கேட்டப்போ, வேலி போடுங்கன்னு கைய தூக்குனது நாமதான?”

“பெறவு? சீசனுக்கு வாரவன்லாம் அங்கன குடிச்சிட்டு பாட்டில ஒடச்சிப் போடுதான். கால் வைக்க முடியலல்லா.”

“பாட்டிலு இப்போ இல்லதான். ஆனா பலாப்பழக் காலத்துல ஆனை அந்த வழியாத்தான மலையிலருந்து எறங்கும். ஓடையில தண்ணி குடிச்சிட்டு அது பாட்டுக்குத் திரும்பிரும்.”

“வேலியப் பாத்தா வந்த வழியே போயிரும்க்கா.”

“போவலட்டி. நேத்து ராத்திரி வேலி ஓரமாவே நடந்து தெருவுக்குள்ள வந்திருக்கு. காலையில ஆனை லத்தி எங்கன கெடந்துச்சு தெரியுமா? பால்வாடி வாசல்ல.”

சிரிப்பு நின்றது.

“நான் மொத பஸ்ஸுக்கே வந்துட்டேனே. பிள்ளைய மாமியார்தான் கொண்டு விட்டிருப்பாவ. இன்னைக்கி பால்வாடி உண்டாக்கா?”

“உண்டு. லத்திய அள்ளிப் போட்டுட்டு தெறந்துட்டாவ.”

“அடுத்த கூட்டத்துல வேலியப் பிரிக்கச் சொல்லுவோம்க்கா.”

“பிரிச்சா பாட்டிலு வரும். எதக் கேப்ப?”

பச்சைச் சேலைக்காரி எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டாள். கண்டக்டர் அதட்டினார்.

“உள்ள வாம்மா. ஒங்க ஊருக்கு இன்னும் நாலு ஸ்டாப் கெடக்கு.”

அவள் கம்பியை விடவில்லை.