குழாய்க் கதவுக்கு ஜாமீன் நின்றவர்

அக்கிராசனர் செபஸ்தியன் அவர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சந்திரமதி அம்மாளே, ஸ்கூடாய் வாழ் சிறு நிலக்காரப் பெருமக்களே,

உங்கள் சங்கக் காரியதரிசி அர்ச்சுனன் பேசுகிறேன். நம் தலைவர் கனகராஜ் அவர்களை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறோம். எனக்குப் பேச வரவில்லை. ஆனாலும் இன்று பேசாவிட்டால் நாளை நமக்குப் பிழைப்பு இல்லை.

நம் நிலங்களின் நடுவே பெரிய தண்ணீர்க் குழாயைப் புதைத்து, மேலே மண்மேடு போட்டு, இருபுறமும் வேலி கட்டி, வேலிக் கதவையும் பூட்டிவிட்டார்கள். வீடு இந்தப் பக்கம், ரப்பர் மரம் அந்தப் பக்கம். பால் வெட்டப் போக வழியில்லை. அன்று குழாய்க்குப் பொறுப்பான துரையின் முன்னால் போய் நின்றவர் யார்?

"கதவ மட்டும் தெறந்து விடுங்க தொர. எங்க ஆளு எவனும் குழாய்கிட்ட தோண்ட மாட்டான். தோண்டினா என்னப் புடிச்சு உள்ள போடுங்க" என்றார் கனகராஜ் அவர்கள். கதவு திறந்தது. அவருடைய மரங்களோ எல்லாம் இந்தப் பக்கம். அந்தக் கதவு அவருக்கு வேண்டியதே இல்லை.

மேட்டு மண்ணை எடுத்தால் குழாயின் மூட்டு பிரிந்துவிடும் என்று வீடு வீடாகச் சொன்னார். நாம் என்ன சொன்னோம்? துரைக்கு வால் பிடிக்கிறார் என்றோம். சொன்ன வாய்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன.

போன வாரத்து மழைத் தண்ணீர் குழாய்மேட்டில் முட்டித் தேங்கி, நம்மில் ஒருவரான சின்னத்தம்பியின் மரவள்ளி அழுகியது. பிள்ளைகளுக்கு அதுதான் சோறு. தண்ணீர் வடியட்டும் என்று மேட்டை வெட்டினார். குழாய் பிய்த்துக்கொண்டது. கனகராஜ் அவர்கள் ஓடிவந்து சின்னத்தம்பியை இழுத்து வெளியே தள்ளினார். சரிந்த மேடு அவரை மூடிவிட்டது. சின்னத்தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பசியில் அழும்போது யாருக்கு ஜாமீன் ஞாபகம் வரும்?

இப்போது கதவில் பூட்டுத் தொங்குகிறது. நேற்றுப் போய்க் கெஞ்சினோம். "இனி யார் பொறுப்பு?" என்று துரை கேட்டார். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டோம்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். யார் தொடர்வது? ஜாமீன் நிற்பவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம்.

ஒரு கையும் இல்லையா?

சரி, நான் நிற்கிறேன். நாளைக் காலை துரையிடம் என் பேரைச் சொல்லப் போகிறேன். கனகராஜ் அவர்களின் தைரியம் எனக்கு இல்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தண்ணீர் தேங்கினால் என்னைக் கூப்பிடுங்கள். வாளியோடு வருகிறேன், சேர்ந்து இறைப்போம். மேட்டை மட்டும் வெட்டாதீர்கள்.