தண்ணீர் நின்ற கச்சேரி

உங்கள் புத்தகத்தின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது, இமோஜன். அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுங்கள். கூட்டத்தின் தேவையைத் தாங்க முடியாமல் குழாய்கள் பழுதாயின என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் குழாய்களைப் போட்டவன் நான். அவை பழுதாகவில்லை.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கச்சேரி நாளைப் பற்றி முந்நூற்று நாற்பது ரசிகர்களிடம் நினைவுகளை வாங்கியிருக்கிறீர்கள். பொறுமையான வேலை. எல்லாவற்றையும் படித்தேன். வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். ஒருவர், "தண்ணி தீந்துபோச்சு, பீரையே குடிச்சுக்கிட்டுக் கிடந்தோம், அதெல்லாம் ஒரு காலம்" என்கிறார். அதைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆப்பிரிக்காவில் வறட்சியில் சாகும் குழந்தைகளுக்காக ஆறு ராக் குழுக்கள் இலவசமாக வாசித்தன. ஹோல்பெக் பண்ணையில், அறுவடை முடிந்த கோதுமை வயலில் முப்பதாயிரம் பேர். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயரிலும் அந்தக் கோடையில் மழை இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று தடை இருந்தது. என் பீன்ஸ் கொடிகள் கண்முன்னே கருகின. ஆனாலும் தடையை நான் மீறவில்லை.

வேலியோரமாகப் பன்னிரண்டு குழாய்கள் வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே வால்வு. வேலிக்குப் பின்னால் ஒரு குழியில், இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. அதைத் திருகும் நீளச் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது.

மதியத்துக்குள் அந்த இடம் பன்றிப்பட்டி ஆகிவிட்டது. வாந்தி, சிறுநீர், பீர், வெயிலில் புளித்த இறைச்சி என்று எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. குழாய்களைத் திறந்து விட்டு, சேறாக்கி, அதில் வயிற்றால் சறுக்கி விளையாடினார்கள். நான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனேன்.

"யோவ் பெருசு, உன் வீட்டுத் தண்ணியா? எதுக்கு இப்படி வயிறு எரியுறே?" என்றான் ஒருவன். தலையிலிருந்து கால்வரை சேறு. "வா, நீயும் ஒரு முங்கு முங்கு. பொண்டாட்டிக்கு அடையாளமே தெரியாது" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது மேடைத் திரையில் அந்தக் குழந்தைகளின் படத்தைக் காட்டினார்கள். வெடித்த ஆற்றுப்படுகையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் உதட்டில் ஈ மொய்த்தது. கூட்டம் ஒரு நிமிடம் அடங்கியது. பிறகு கிட்டார் ஒலித்ததும், பாதி கடித்த இறைச்சி அப்பம் ஒன்று திரையை நோக்கிப் பறந்தது. கைதட்டினார்கள்.

இரண்டு இருபதுக்கு வால்வை மூடினேன். கோபத்தில் மூடியதாக எண்ண வேண்டாம். யாருக்காகக் கூடியிருக்கிறார்களோ அவர்களுடைய தாகத்தை இவர்களும் அரை மணி நேரம் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அதில் தவறு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

அமைப்பாளர் நெவில் வியர்த்து ஓடி வந்தார். "வில்ஃப், என்னய்யா ஆச்சு? சொட்டுத் தண்ணி வரல!"

"வறட்சிதானே. மேலேயே தண்ணி கம்மி. அழுத்தம் இல்ல" என்றேன்.

அவர் நம்பினார். என்னை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அரை மணி நேரம் கழிந்தது. அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே திறக்கவில்லை.

நான்கு மணிவாக்கில் ஒரு பெண் காலிக் கோப்பையோடு என்னிடம் வந்தாள். டெனீஸ் ஹாப்லி. கோவென்ட்ரியில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவள் என்று பின்னால் செய்தித்தாளில் படித்தேன். அன்று என்னிடம் மரியாதையாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

"அண்ணே, தண்ணி எப்ப வரும்? தலை கிறுகிறுன்னு வருது. கோலின் தேடப் போனாரு, இன்னும் காணோம்."

"வந்துரும்மா. கொஞ்சம் பொறு."

"சரிண்ணே. தேங்க்ஸ்ணே."

முகம் சிவந்திருந்தது. கழுத்திலும் கையிலும் ஒரு துளி வியர்வை இல்லை. இளவயதில் இரண்டு வருடம் ராணுவத்தில் மலாயாவில் இருந்தேன். வெயிலில் வியர்ப்பது நின்றுபோன சிப்பாயை உடனே நிழலில் போட்டு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்க மாட்டான் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது நினைவுக்கு வந்தது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு குழாய் வரிசைக்குத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாற்பதுக்கு, மயங்கி விழுந்த அவளைத் தலைகளுக்கு மேலே கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். அவளும் கொண்டாடுகிறாள் என்று நினைத்தவர்கள் ஓவென்று கூவினார்கள். ஐந்து மணிக்கு முதலுதவிக் கூடாரத்தில் இறந்தாள். வயது இருபத்திரண்டு.

அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கோலின் மாரபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் தேடிப் போனவன், வழியில் ஒரே ஒரு பாட்டு என்று மேடைக்கு முன்னால் நின்றுவிட்டான். வருடம் தவறாமல் ரசிகர்கள் கூடும் எங்கள் மதுக்கடைக்கு வருவான். மூன்றாவது கிளாசில் அழுவான்.

"நான்தான் அவளைக் கொன்னேன், வில்ஃப். ஒரு பாட்டுக்காகக் கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதே, கோலின். யார் கண்டா?" என்று முதுகைத் தட்டிக்கொடுப்பேன். இருபத்தொன்பது முறை தட்டிக்கொடுத்திருக்கிறேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூக்கு ஒழுக அழும் ஆண்களை எனக்குப் பிடிக்காது. இருந்தும் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

அவளைக் கொண்டுபோன பிறகாவது திறந்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். உடனே குழிக்குப் போனேன். மூடியைத் தூக்கினேன். சாவியைப் பொருத்தினேன். அரைத் திருகு திருகினால் போதும்.

அந்த நேரத்தில் மேடையில் எல்லோரும் காத்திருந்த அந்தப் பெரிய பாட்டைத் தொடங்கினார்கள். முப்பதாயிரம் வாய்களும் திறந்தன. கூடாரத்திலிருந்து ஒரு நர்ஸ் வாளியோடு ஓடிவந்தாள். முதல் குழாயைத் திருகினாள், இரண்டாவதைத் திருகினாள், பன்னிரண்டாவதுவரை போனாள். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வேலியின் இடைவெளி வழியாக அவள் கைகள் எனக்குத் தெரிந்தன.

அந்தப் பாட்டு பதினோரு நிமிடம். அவர்கள் பாடி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.