தம் பள்ளியை மூடக் கை உயர்த்திய தலைமையாசிரியர் ஒடெட் பூஷே அவர்களுக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் கார்பின் மேட்டுப் பள்ளியின் கதவைக் காலை ஏழு மணிக்குத் தம் கையாலேயே திறந்தவரே, கண்டிப்பில் கருங்கல்லாகவும் கனிவில் மேப்பிள் பாகாகவும் இருந்தவரே, பனி பெய்தாலும் பாடம் பிசகாத பண்பாளரே, பெல்லம் பள்ளத்தாக்கு வட்டாரப் பள்ளி மாவட்டத்தின் ஐந்து ஊர்களிலும் பேரப்பிள்ளை எடுத்தவர்களைக்கூடப் பெயர் சொன்னதும் நிமிர்ந்து உட்கார வைக்கும் பெருந்தகையே, வணக்கம்.

இதுவரை வாசித்தது பழைய மடலில் இருந்தது. உங்கள் பணி ஓய்வு விருந்துக்கென்று பிப்ரவரியிலேயே அதை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அலுவலக அலமாரியின் பின்னால் உங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தேன். அதன் அடுத்த வரி, "கார்பின் பள்ளியைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தவரே" என்று போகிறது. அந்த வரியை இன்று வாசித்தால் இந்த உடற்பயிற்சிக் கூடத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களா அழுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இது இரண்டாவது மடல்; சட்டம் மட்டும் பழையது.

காலையில் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளை ஒரே அறையில் நடத்தி, மாலையில் தலைமைப் பணி பார்த்த உங்கள் உழைப்பை உலகறியும். கொதிகலன் வெடித்த குளிர்காலத்தில் தீயணைப்பு நிலையத்துக்குள் வண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுப் பதினொரு நாள் பின்னம் சொல்லிக் கொடுத்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் சொல்ல வராதவர் என்று பெயரெடுத்தீர்கள். அறிவியல் கண்காட்சிக்கு என் மகன் கொண்டுவந்த எரிமலையின் மேல், "அம்மாவுக்கு முதல் பரிசு, மகனுக்கு ஆறுதல் பரிசு" என்று நீங்கள் எழுதி வைத்ததை நான் மறக்கவில்லை. அந்தக் குணம் ஒரு நாள் எங்கள் எல்லாரையும் ஒரே அடியாக அடிக்கும் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும்.

இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டுப்படியாகாது என்று மாவட்டக் குழு சொன்னது. ஆனால் ஐந்து ஊர்களும் சேர்ந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி, எந்த ஊர்ப் பள்ளியையும் அந்த ஊர் வாக்காளர் சம்மதிக்காமல் மூட முடியாது. எனவே ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கார்பின் மக்கள் இதே கூடத்தில் கூடுவது என்று முடிவாயிற்று. மூட வேண்டாம் என்று ஓட்டுக் கேட்டு நாங்கள் வீடு வீடாக ஏறினோம். சமையலறை வெர்னா, கூட்டத்துச் சாப்பாட்டுக்குப் பன்றியிறைச்சியோடு வேகவைக்க, முந்திய நாளே பீன்ஸ் ஊறப் போட்டாள். பஸ் ஓட்டும் ஆல்டன் ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டு வந்து, "எண்பதுக்கு எண்பது வருது. சமமானா தீர்மானம் விழுந்துடும், பள்ளிக்கூடம் நிக்கும். ஒடெட் ஓட்டு வேற இருக்கே, கவலைய விடு" என்றார்.

அன்று காலை எட்டரைக்கு நீங்கள் போன் செய்தீர்கள். பனி உருகிய மேட்டுச் சாலைச் சேற்றில் கார் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது என்றீர்கள்.

"நான் இல்லாமலே நடத்துங்க, டார்லீன். நான் வராம இருக்கிறதுதான் நல்லது."

"ஐயோ டீச்சர், உங்க ஒரு ஓட்டு எங்களுக்கு நூறு ஓட்டு" என்றேன் நான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆல்டன் டிராக்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். சேற்றில் மண்டியிட்டுச் சங்கிலி கட்டி இழுத்தார். வெர்னா தன் காய்ந்த பூட்ஸைக் கழற்றி உங்களுக்குக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கக் காலுறையோடு பரிமாறினாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம். கோபிக்காதீர்கள் டீச்சர், பழமொழி அப்படித்தான் இருக்கிறது.

உங்களை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, மஞ்சள் வாக்கு அட்டையைக் கையில் கொடுத்தேன். மூட வேண்டும் என்பவர்கள் அட்டையை உயர்த்துங்கள் என்றார் கூட்டத் தலைவர். ஆல்டன் சொன்ன ஆட்கள்தாம் உயர்த்தினார்கள். பிறகு எனக்கு வலப்பக்கமாக ஒரு கை எழுந்தது. நீங்கள் தவறாக உயர்த்திவிட்டீர்கள் என்று உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"டீச்சர், இது மூடணும்ங்கறவங்களுக்கு. நம்ம முறை அடுத்தது."

"தெரியும் டார்லீன். சட்டைய விடு."

விட்டேன். எண்பத்தொன்றுக்கு எண்பது. நூற்று நாற்பது ஆண்டுப் பள்ளி, ஒரே ஓட்டில் போயிற்று. அந்த ஓட்டை டிராக்டர் வைத்துக் கட்டி இழுத்து வந்தவர்கள் நாங்கள். சாப்பாட்டு வரிசையில் வெர்னா உங்கள் தட்டில் பீன்ஸ் வைத்தாள். பன்றியிறைச்சித் துண்டு ஒன்றுகூட விழாமல் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் ஆல்டன் உங்களை நிறுத்தினார்; நான் உங்கள் பின்னால் நின்றிருந்தேன். சேறு அவர் முழங்காலில் காய்ந்துகூட இருக்கவில்லை.

"ஏன் ஒடெட்? நானே இல்ல இழுத்துட்டு வந்தேன்?"

"மூடுன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல, வேண்டாம்னு சொல்லவும் வரல, ஆல்டன். சேறு ஒரு சாக்கு குடுத்துச்சு. நீங்க அதையும் பிடுங்கிட்டீங்க. அட்டைய கையில வாங்கின பிறகு பொய்யா தூக்க முடியல."

"என்ன பொய்?"

"இந்தப் பள்ளிக்கூடம் ஐரிஸுக்கு நல்லதுங்கறதுதான்" என்றீர்கள்.

ஐரிஸ் எங்கள் நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்புப் பிள்ளை என்று சொல்லவில்லை; வகுப்பே அவள்தான். மழலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக அவளோடு வேறு யாரும் இல்லை. இரண்டாம் வகுப்பில், படம் எடுக்க வந்தவர் கேமராவைத் தூக்கிவைத்துக்கொண்டு, "மத்தவங்களும் வரட்டும் பாப்பா" என்று காத்திருந்தார். "நான்தான் சார் எல்லாரும்" என்றாள் அவள். அதை நாங்கள் கடையில் சொல்லிச் சிரித்தோம், தேவாலயத்தில் சொல்லிச் சிரித்தோம், ஓட்டுக் கேட்கப் போன வீடுகளில்கூட எங்கள் பள்ளியின் அருமை என்று சொல்லிச் சிரித்தோம். நீங்கள் ஒரு முறையும் சிரிக்கவில்லை என்பது வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பனிச்சறுக்கு நாளில் ஜோடி சேரச் சொன்னால் அவளுக்கு ஜோடி நீங்கள்தான். அறுபத்து மூன்று வயதில், இடுப்பு வலியோடு, அந்தச் சறுக்குப் பலகையில் ஏறுவீர்கள். உங்களுக்கு விளையாட்டில் பிரியம் என்று நினைத்திருந்தோம். உங்கள் ஓட்டைக் காட்டிலும் இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

மே மாதத்தில் பிள்ளைகளை, இனி அவர்கள் படிக்கப்போகும் பள்ளத்தாக்குப் பள்ளிக்கு ஒரு நாள் பார்வையிட அழைத்துப் போனார் ஆல்டன். மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். எப்போதும் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்காருகிறவள் ஐரிஸ்; போய்வருகிறேன் என்று சொல்ல அவளுக்கு ஆள் கிடையாது. அன்று எல்லாரும் ஏறியாகிவிட்டது, அவள் வரவில்லை. ஆல்டன் இறங்கிப் பார்த்திருக்கிறார். வாசல் படியில் இரண்டு பெண் பிள்ளைகளோடு தலையோடு தலை முட்ட நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆல்டன், ஒரு நிமிஷம் இருங்களேன்" என்றாளாம். ஆல்டன் பதினொரு நிமிடம் நின்றார். பத்தொன்பது ஆண்டில் அந்த பஸ் முதல் முறையாகத் தாமதமாக வந்தது. ஏன் தாமதம் என்று கேட்ட என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அன்று மாலை வெகுநேரம் துடைத்தார்.

இந்த வெள்ளிக்கிழமையோடு பள்ளி மூடுகிறது. வெர்னா பள்ளத்தாக்குப் பள்ளியின் சமையலறைக்குப் போகிறாள். ஆசிரியைகள் இருவருக்கும் அங்கேயே இடம் கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே சிவப்பு மையால் அடிப்பீர்கள், ஆகவே எழுதவில்லை. உங்கள் தட்டில் இன்று இறைச்சித் துண்டு இருக்கிறது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

உண்மைக்கு உள்ளமெல்லாம் கொடுத்த உத்தமரே, இடுப்பு வலி நீங்கி, இன்சொல் குறையாமல், இந்த மேட்டுக் காற்றில் நீங்கள் நூறாண்டு நலமோடு வாழ வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் வரும், சேறும் வரும். கார் புதைந்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். ஆல்டன் சங்கிலியோடு வருவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவார். எங்கே என்று சொன்னாலும் இழுப்பார்.

என்றும் உங்கள் வாசலுக்கு வரும்,
கார்பின் மேட்டுப் பள்ளிக் கடைசிப் பணியாளர்கள் ஐவர்
எழுதி வாசித்தவர்: டார்லீன் ஃபிஸ்க், அலுவலகச் செயலாளர்