பத்து போதும்

தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் கேட்பார்கள். வெட்டுவார்கள் என்று தெரியும், அதனால் கூட்டிக் கேட்பார்கள். கூட்டியிருப்பார்கள் என்று தெரியும், அதனால் நான் வெட்டுவேன். ஒரு விண்மீனின் ரேடியோ அலையைப் பிடிக்க எத்தனை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நேரம் ஒதுக்கும் குழுவிடம் சொல்வது என் வேலை. குழு என் பேச்சைத் தட்டியதில்லை.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அலையை மறைக்கும் இரைச்சலைப் பாதியாக்க நேரம் நான்கு மடங்கு வேண்டும். நாற்பது மணி நேரம் தேவைப்படும் இடத்தில் பத்து கொடுத்தால் கால்வாசி விடை கிடைக்காது. ஒன்றுமே கிடைக்காது. ஆனாலும் பத்து கொடுத்தவளை யாரும் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல மாட்டார்கள்.

விண்ணப்பங்களில் பெயரை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள். இருந்தாலும் என் தங்கை எழுதினால் எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். வளர்த்தது நான். கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் வளர்த்தேன். அதை அவளிடம் சொல்லிக் காட்டியதே இல்லை, எப்போதாவது தவிர. உறவுக்காரரின் விண்ணப்பம் வந்தால் ஒதுங்கிவிட வேண்டும் என்பது விதி. ஒதுங்கிவிட்டேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவள் கேட்டது நாற்பது. வெடித்து மங்கிக்கொண்டிருந்த ஒரு விண்மீன். அந்தப் பருவத்தை விட்டால் பிறகு எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாது. கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம்கூடக் கூட்டிக் கேட்கவில்லை. அது நான் பழக்கிய பழக்கம்.

"இது மட்டும் கிடைச்சிட்டா அங்க வேலை நிச்சயம்க்கா" என்று சாப்பிடும்போது சொல்வாள். அங்கே என்றால் கடல் தாண்டி. "நீயும் வந்துடேன்" என்பாள், பேச்சுக்கு. பேச்சுக்குச் சொல்வது எது, மனதாரச் சொல்வது எது என்று எனக்குத் தெரியும்.

பத்து போதும் என்று எழுதினேன்.

அவளுக்கு வந்தது வெறும் இரைச்சல். நான் அநியாயக்காரி இல்லை. அங்கே ஒன்றுமே இல்லையென்றால் யாருக்கும் நஷ்டமில்லையே? அதைத் தெரிந்துகொள்ளத்தான், கருவிச் சோதனை என்று சொல்லி, மீதி முப்பது மணி நேரமும் தொலைநோக்கியை அதே விண்மீன் பக்கம் திருப்பி வைத்தேன். அவளுடைய பத்தையும் சேர்த்துப் பார்த்தேன். இருந்தது. அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன அளவில். பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அந்த முப்பது மணி நேரப் பதிவை அழித்தேன். அழித்த தடம் மிஞ்சும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். களைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பத்து போதும்னு எழுதினவங்க சரியாத்தானே சொல்லியிருக்காங்க? நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேனாக்கா?"

"ஆமாம்மா" என்றேன். "விடு. உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

அதற்குப் பிறகு அவள் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. கடையில் மீதிச் சில்லறையைக்கூடத் தானே எண்ண மாட்டாள், என்னிடம் நீட்டிவிடுவாள். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். உங்கள் விசாரணை முடியத் தாமதமாகும் என்றால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?