மூன்றாம் மாடி ஜன்னலை அளந்த அம்மையார் குறித்து

பெயர் புகாரில் கண்டபடி. வயது 41. தொழில் லிஃப்ட் மெக்கானிக். முகவரி மூன்றாம் மாடி, கடைசி வீடு. விசாரணையில் நான் சொல்வதாவது:

கடந்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணியளவில், வம்சாவளிச் சான்றுள்ள பூனைக்குட்டி ஒன்று வாங்குவதென்று நானும் என் மனைவியும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். பதினோரு வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்தது அதுவே முதல் தடவை. திரைச்சீலையின் நிறம் இன்னும் நிலுவையில் உள்ளது.

அதன்பிறகு, பொறுப்பானவர் என்று பெயரெடுத்த பூனை வளர்ப்பாளர் அம்மையார் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அவர் தாய்ப்பூனையைக் காட்டினார், தடுப்பூசி அட்டையைக் காட்டினார், ஆறு தலைமுறை விவரம் எழுதிய தாளைக் காட்டினார். சாம்பல் நிறக் குட்டி ஒன்று என் மனைவியின் இடது செருப்புக்குள் ஏறித் தூங்கிவிட்டது. அவள் அரை மணி நேரம் ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

அதன்பிறகு அம்மையார் ஒரு படிவத்தை எடுத்து எங்களைக் கேள்வி கேட்டார். பெண் கொடுக்கும்போது என் மாமனார் கேட்டவை மூன்று கேள்விகள். இவர் கேட்டவை முப்பத்தெட்டு. "பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?" என்பதற்கு நான், "யாராவது இருப்பாங்க" என்றேன். அவர் அதை எழுதி அடிக்கோடிட்டார். ஜன்னல்களுக்குக் கம்பிவலை போடச் சொன்னார். வீட்டை நேரில் பார்த்த பிறகே குட்டி என்றார். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாளே வலை போட்டேன்.

சென்ற புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வராந்தா ஜன்னலை டேப்பால் அளந்துவிட்டு, அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தட்டச்சர் அக்காவிடம், "இந்த வீட்ல ஆளில்லாத நேரம் எதுங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "தம்பி எட்டே முக்காலுக்குக் கிளம்பிரும், அது பொண்டாட்டி ஒம்பது பத்து. அப்புறம் ஆறரை வரைக்கும் ஈ காக்கா இருக்காது. சனிக்கிழமை அரை நாள்" என்று முழுவதையும் சொல்லி முடித்து, அதன்பிறகு சந்தேகம் வந்து காவல் நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறார்.

அதன்பிறகு அம்மையாரும் அக்காவும் நிலையத்துக்கு அழைத்துவரப்பட, நானும் வரவழைக்கப்பட்டேன். அம்மையாரின் பையிலிருந்த ஆறு தலைமுறைத் தாளைப் படித்த காவலர், "சார், எனக்கே கொள்ளுத்தாத்தா பேரு தெரியாது" என்றார். ஆய்வாளர் என்னிடம், "நீங்க வரச் சொன்னீங்க, சரி. ஆளில்லாத நேரத்தை அந்தம்மா எதுக்குக் கேக்கணும்?" என்றார். அம்மையார் பெஞ்சில் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான், "நான் சொன்ன பொய்யைச் சரிபார்க்கத்தான் சார். பகல் பூரா வீடு பூட்டுதான்" என்றேன்.

அம்மையார் உடனே அனுப்பப்பட்டார். போகுமுன், "ஒம்பது மணி நேரம் தனியா கிடக்க என் குட்டியைத் தரமாட்டேன்" என்று படிவத்தில் ஒரு கோடு போட்டார். அதன்பிறகு அக்காவிடம் திரும்பி, "நீங்க பகல்ல வெளிய போறதே இல்லையாக்கா?" என்றார்.

"நான் எங்கம்மா போறேன்? ஜன்னலை விட்டு நகர்ந்தாத்தானே!"

நேற்று மாலை என் வீட்டுக் கம்பிவலையை நானே கழற்றி அக்காவின் ஜன்னல்களில் பொருத்தினேன்.

இவை யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாசித்த பின் சேர்க்கச் சொன்னது: என் மனைவியின் இடது செருப்பு தற்போது அடுத்த வீட்டில் உள்ளது.

(ஒப்பம்)